கால் கிரவுண்டு எப்படி முழுக் கிரவுண்டு ஆகிறது?

இருபதுக்கு முப்பது அடியில் ஒரு மனை. மொத்தம் 600 சதுர அடி. சென்னைக் கணக்கில் 2400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்பதால் இது கால் கிரவுண்டு. இதன் நீளம், அகலம் இரண்டையும் இரண்டு மடங்காக்கினால் நாற்பதுக்கு அறுபது, அதாவது ஒரு முழுக் கிரவுண்டு. நிலம் நான்கு மடங்காகிவிட்டது. ஆனால் மனையைச் சுற்றி ஒரு வரிசைக் கம்பி கட்ட முன்பு 100 அடி தேவைப்பட்டது என்றால், இப்போது 200 அடி இருந்தால் போதும்.

மாற்றம் ஒன்றுதான். அதில் ஓர் அளவு இரண்டு மடங்காகிறது, இன்னொன்று நான்கு மடங்காகிறது. கணக்கு டீச்சராக வருடம் முழுவதும் நடத்தும் பாடங்களில் நான் மிகவும் ஆசையோடு வகுப்புக்குள் போவது இந்தப் பாடத்துக்குத்தான். பிள்ளைகளுக்குச் சூத்திரம் ஏற்கெனவே தெரியும். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு, இரண்டையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதே பிள்ளைகளிடம் "மனையோட பக்கமெல்லாம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா நிலம் எத்தனை மடங்கு ஆகும்?" என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் "ரெண்டு மடங்கு டீச்சர்!" என்கிறது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பிள்ளை இதுவரை பார்த்த உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு கிலோ தக்காளி முப்பது ரூபாய் என்றால் இரண்டு கிலோ அறுபது. இரண்டு நாள் வேலைக்கு இரண்டு நாள் கூலி. ஒரு பாட்டில் ஐந்து டம்ளர் என்றால் இரண்டு பாட்டில் பத்து டம்ளர். நாமும் பள்ளியில் நேர்விகிதம் நேர்விகிதம் என்று வருடக்கணக்கில் பழக்கியிருக்கிறோம். 'ஒன்று இரட்டிப்பானால் மற்றதும் இரட்டிப்பாகும்' என்பது அவர்களுக்கு எப்போதும் கைகொடுத்த விதி. கைகொடுத்த விதியை ஒருவர் சும்மா விட்டுவிட மாட்டார்.

பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிர்க் டி பாக், லீவன் வெர்ஷாஃபல் முதலிய ஆய்வாளர்கள் இந்த விஷயத்தைப் பல வருடங்கள் விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். 1998-இல் வந்த அவர்களது ஆய்வுக்கட்டுரை, கணிதக் கல்வியில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பேசுவது. அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: 200 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்துக்கு எரு போட ஒரு விவசாயிக்குச் சுமார் 8 மணி நேரம் ஆகிறது, 600 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பக்கம் மூன்று மடங்கு, நிலம் ஒன்பது மடங்கு, எனவே 72 மணி நேரம். பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 24 என்று எழுதினார்கள். இன்னொரு கேள்வியில் ஓர் ஓவியர், பேக்கரிக் கதவில் 56 சென்டிமீட்டர் உயரக் கிறிஸ்துமஸ் தாத்தா படம் வரைகிறார். 6 மில்லி பெயிண்ட் ஆகிறது. அதே படத்தை 168 சென்டிமீட்டர் உயரத்தில் வரைய எவ்வளவு பெயிண்ட்? 54 மில்லி என்பது விடை. பிள்ளைகள் சொன்னது 18.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு கொஞ்சம் பெரியவர்களும் இதில் சறுக்கினார்கள். கேள்வியோடு படம் வரைந்து கொடுத்துப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. இந்த ஆய்வுகளில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் வேறு. பரப்பளவுக் கேள்விகளில் பிள்ளைகள் தேறத் தேற, சுற்றளவு போன்ற சாதாரண நேர்விகிதக் கேள்விகளில் தவறுவது கூடியது. அதாவது 'இரண்டு மடங்கு' என்ற பழைய விதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'நான்கு மடங்கு' என்ற புது விதியை வைத்துக்கொள்கிறார்கள். வேலிக்கும் நான்கு மடங்கு, நிலத்துக்கும் நான்கு மடங்கு.

வகுப்பில் இதை நான் கண்ணெதிரே பார்க்கிறேன். திங்கட்கிழமை எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு என்ற பிள்ளை, புதன்கிழமை எல்லாவற்றுக்கும் நான்கு மடங்கு என்கிறது. அதனால் என் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. வேலியைக் கேட்காமல் நிலத்தைக் கேட்பதில்லை, நிலத்தைக் கேட்காமல் வேலியைக் கேட்பதில்லை. 'பரப்பளவு காண்க' என்று தனியாகவும் 'சுற்றளவு காண்க' என்று தனியாகவும் வரும் பயிற்சிக் கணக்குகளையும் சேர்த்துத்தான் போட வைக்கிறேன். இரண்டும் வேறு வேறு வகையான அளவுகள் என்பதுதான் பாடமே. ஒன்று ஓரத்தில் நடந்து அளப்பது, மற்றது உள்ளே நிரப்பி அளப்பது. பிரித்துக் கேட்டால் அந்த வேறுபாடு பிள்ளையின் கண்ணில் படவே படாது.

சரி, மனைக்கு வருவோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தைப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் நம் மனை இரண்டுக்கு மூன்று கட்டம். உள்ளே ஆறு கட்டங்கள். இரண்டு மடங்கு மனை நான்குக்கு ஆறு. அதற்குள் பழைய மனையைப் போலவே எத்தனை மனை அடங்கும் என்று வண்ணம் தீட்டிப் பார்க்கச் சொல்வேன். பக்கவாட்டில் இரண்டு, மேல்கீழாக இரண்டு, ஆக நான்கு. சூத்திரம் சொல்லாத ஒன்றை அந்த நான்கு வண்ணங்கள் சொல்லிவிடும். சூத்திரம் எண்ணைத்தான் தருகிறது. 600, 2400 என்ற இரண்டு எண்களைப் பார்த்து 'நான்கு மடங்கு' என்று தானாகத் தோன்றிவிடாது.

ஆனால் இரண்டு மடங்கோடு நிறுத்தினால் ஆபத்து. இரண்டையும் இரண்டையும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. பிள்ளை மனதில் எது ஓடுகிறது என்று விடையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. உடனே மூன்று மடங்கைக் கேட்டுவிட வேண்டும். "மூணு மடங்கு ஆக்கினா?" என்றால் பல பேர் "ஆறு" என்பார்கள். அப்போதுதான் தெரிகிறது, அவர்கள் 'இரண்டுக்கு நான்கு' என்பதை 'இரட்டிப்பு' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறுக்கு ஒன்பது கட்டத்தில் மனையை வரைந்து, பழைய மனையை அடுக்கிப் பார்த்தால் ஒன்பது முறை அடங்கும். 5400 சதுர அடி. வேலி 300 அடி. அடுத்தது ஒன்றரை மடங்கு: முப்பதுக்கு நாற்பத்தைந்து, 1350 சதுர அடி, அதாவது இரண்டேகால் மடங்கு. வேலி 150 அடி, ஒன்றரை மடங்கு. பிறகு பாதி: பத்துக்குப் பதினைந்து, 150 சதுர அடி, கால் பங்கு. இந்த நான்கையும் பார்த்த பிறகு, மடங்கை அதே மடங்கால் பெருக்க வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை தானாகவே சொல்லும். அதை என் வாயால் சொல்லாமல் காத்திருப்பேன்.

இன்னொரு கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது. 600 சதுர அடி மனையை 1200 சதுர அடி ஆக்க வேண்டும், எப்படி? ஒரு கூட்டம் "ஒரு பக்கத்தை மட்டும் ரெண்டு மடங்கு ஆக்கலாம்" என்று சொல்லும்: இருபதை நாற்பதாக்கினால் நாற்பதுக்கு முப்பது. இன்னொரு கூட்டம் யோசித்து, "ரெண்டு பக்கத்துலயும் பத்துப் பத்து அடி கூட்டலாம்" என்று சொல்லும்: முப்பதுக்கு நாற்பது. இரண்டு கூட்டமும் தங்கள் வழிதான் சரி என்று வாதாடும். கரும்பலகையில் இரண்டையும் வரைந்ததும் வகுப்பு ஒரு கணம் நிற்கும். இரண்டும் ஒரே மனை! திருப்பி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் பெருக்கினார், ஒருவர் கூட்டினார், வந்து சேர்ந்த இடம் ஒன்று.

இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. நிலம் சரியாக இரண்டு மடங்கு. வேலியோ 140 அடி. இரண்டு மடங்கும் இல்லை, ஒன்றரை மடங்கும் இல்லை. ஏன் என்றால், மனையின் வடிவமே மாறிவிட்டது. முன்பு இரண்டுக்கு மூன்று என்ற விகிதம், இப்போது மூன்றுக்கு நான்கு. நாம் பேசிக்கொண்டிருந்த விதி வடிவம் மாறாமல் பெரிதாவதற்கு மட்டும்தான். எல்லாப் பக்கங்களும் ஒரே மடங்கில் பெருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இழுப்பதும், எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவைக் கூட்டுவதும் வேறு கதை. இந்த எதிர் உதாரணங்களைக் காட்டாமல் பாடத்தை முடித்தால், பிள்ளை 'பெரிதாக்கினால் நான்கு மடங்கு' என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொள்ளும்.

இதுவரை எல்லாம் செவ்வகம். நீளமும் அகலமும் பெருகின, பெருக்குத்தொகையும் பெருகியது, சரி. நீளம் அகலம் என்றே சொல்ல முடியாத வடிவங்களுக்கு? ஓர் ஆலிலை, ஒரு மாங்காய், ஏரியின் கரை, மாவட்டத்தின் எல்லைக்கோடு? அங்கேயும் இதே விதிதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள், டீச்சர் சொல்கிறார் என்பதற்காக. அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம். அவர்களே பார்க்க வேண்டும்.

அதற்குச் சுவரில் படம் வரைபவர்களின் வழியை எடுத்துக்கொள்கிறேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் நம் ஊர்களில் சினிமா கட்அவுட்டும் கட்சித் தலைவர் படமும் வரைந்தவர்கள், சின்னப் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரிலோ தட்டியிலோ பெரிய கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்குள் இருப்பதை அடுத்த கட்டத்துக்குள் அப்படியே எடுத்து வரைவார்கள். மூக்கின் வளைவு எந்தக் கட்டத்தில் எந்த ஓரத்தில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்தால் போதும். இருபதடி உயர முகம் கொஞ்சமும் கோணாமல் வந்து நிற்கும்.

பிள்ளைகள் இதையே நோட்டில் செய்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் ஒரு மாங்காய் வடிவம். ஓரத்தில் பாதியும் காலுமாக வெட்டுப்படும் கட்டங்களைச் சேர்த்துச் சேர்த்து எண்ணினால், ஏறக்குறைய 23 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு நூலை ஒட்டினாற்போல் வைத்து எடுத்து, ஸ்கேலில் நீட்டினால் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். இப்போது இரண்டு சென்டிமீட்டர் கட்டம் போட்ட பெரிய தாளில் அதே மாங்காயைக் கட்டத்துக்குக் கட்டம் வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் கேட்பேன்: "இதுல எத்தனை கட்டம்?" எண்ணிப் பார்ப்பார்கள். அதே 23. கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்து வரைந்ததால் எண்ணிக்கை மாற வழியே இல்லை. "அப்போ பரப்பு மாறலையா?" கொஞ்ச நேரம் சலசலப்பு. அப்புறம் யாராவது ஒரு பெண் சொல்வாள்: "இல்ல டீச்சர், கட்டமே பெருசு. ஒரு கட்டத்துக்குள்ள நாலு பழைய கட்டம் இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த வகுப்பு முழுவதும். மாங்காயின் வளைவு எப்படி இருந்தால் என்ன, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டமும் நான்காகிறது, எனவே மொத்தமும் நான்காகிறது. மூன்று சென்டிமீட்டர் கட்டமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒன்பதாகும். ஓரத்தில் இருக்கும் கோட்டைப் பார்த்தால், சின்னக் கட்டத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் ஓடிய கோடு பெரிய கட்டத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் ஓடுகிறது. நூலை வைத்தால் 36 சென்டிமீட்டருக்குப் பக்கமாக வரும். கோட்டுக்கு ஒரே திசை, கட்டத்துக்கு இரண்டு திசை. சூத்திரமே இல்லாத ஒரு வடிவத்தில் விதியைக் கண்ட பிறகு, செவ்வகமும் முக்கோணமும் வட்டமும் அதன் தனித்தனி உதாரணங்களாக நிற்கின்றன. பத்தாம் வகுப்பில் 'வடிவொத்த முக்கோணங்களின் பரப்பளவுகளின் விகிதம், ஒத்த பக்கங்களின் வர்க்கங்களின் விகிதத்துக்குச் சமம்' என்று ஒரு தேற்றம் வரும். இந்த மாங்காயை வரைந்த பிள்ளைக்கு அது மனப்பாடப் பகுதியாக இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

வட்டத்துக்கு மட்டும் ஒரு பழைய வழியைக் காட்டுவேன். நம் தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில், வட்டத்தின் பரப்புக்குப் பாதி விட்டத்தைப் பாதிச் சுற்றளவால் பெருக்கச் சொல்லியிருக்கிறது. விட்டம் 14 என்றால் சுற்றளவு ஏறக்குறைய 44. ஏழை இருபத்திரண்டால் பெருக்கினால் 154. விட்டம் 28 என்றால் சுற்றளவு 88. பதினான்கை நாற்பத்திநான்கால் பெருக்கினால் 616. பரப்பு என்றாலே இரண்டு நீளங்களின் பெருக்கம் என்பது இந்த வழியில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்! இரண்டு நீளமும் இரட்டிக்கின்றன, எனவே பரப்பு நான்கு மடங்கு. பை, ஆர் ஸ்கொயர் என்று எழுதும்போது அந்த இரண்டாவது நீளம் எங்கோ ஒளிந்துகொள்கிறது.

இனி எதிர்த்திசை. வடிவம் மாறாமல் பரப்பை மட்டும் இரண்டு மடங்காக்க வேண்டும் என்றால் பக்கம் எவ்வளவு?

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், சாக்ரடீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் இதே கேள்வியைத்தான் கேட்கிறார். இரண்டடி பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு நான்கு. எட்டு வர வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? சிறுவன் சொல்கிறான்: நான்கடி. மண்ணில் வரைந்து பார்க்கிறார்கள், பதினாறு வருகிறது. சரி, மூன்றடி என்கிறான். ஒன்பது வருகிறது. அப்புறம்தான் சாக்ரடீஸ் மூலைவிட்டத்தைக் காட்டுகிறார். மூலைவிட்டத்தின் மேல் எழுப்பும் சதுரம் சரியாக இரண்டு மடங்கு. என் வகுப்புப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் இரண்டு மடங்கு, பிறகு ஒன்றரை மடங்கு, பிறகு திகைப்பு. அந்தச் சிறுவன் தெரியாமல் விழிக்கும் இடத்தில் சாக்ரடீஸ் அவசரப்படவில்லை. திகைத்து நிற்பது நல்லதுதான் என்கிறார். கணக்கு நடத்தும் எல்லாரும் அந்தப் பகுதியை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இது பழைய கேள்விதான். வேள்வி மேடைகள் கட்டும் அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் பௌதாயனர், சதுரத்தின் மூலைவிட்டத்தில் போடும் கயிறு இரட்டிப்பு நிலத்தை உண்டாக்கும் என்கிறார். பருந்து வடிவ மேடை ஒன்று முதன்முறை கட்டும்போது ஏழரைச் சதுர புருஷம். கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆளின் உயரம் ஒரு புருஷம். அடுத்த முறை எட்டரை, அதற்கடுத்து ஒன்பதரை என்று நூற்றொன்றரை வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். பருந்தின் வடிவம் மட்டும் மாறக் கூடாது. பரப்பு இவ்வளவு கூட வேண்டும் என்றால் ஒவ்வொரு நீளமும் எத்தனை மடங்கு ஆக வேண்டும்? பதில் எப்போதும் வர்க்கமூலத்தில் போய் நிற்கிறது. அந்தக் காலத்துச் செங்கல் அடுக்கியவர்களுக்கு இது தேர்வுக் கணக்காக இருக்கவில்லை, அன்றாட வேலையாக இருந்தது.

வகுப்பில் இதற்குச் செங்கல் வேண்டாம், ஒரு சதுரத் தாள் போதும். 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தாளை எடுத்து, நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடக்க வேண்டும். இன்னொரு சதுரம் கிடைக்கும். எங்கு தொட்டாலும் இரண்டு அடுக்குத் தாள், எனவே பரப்பு சரியாகப் பாதி: 400-இலிருந்து 200. பக்கத்தை ஸ்கேலில் அளந்தால் 10 வரும் என்று எதிர்பார்ப்பார்கள். 14.1 வரும். சுற்றளவு 80-இலிருந்து 40 ஆகாமல் 56.5-க்குப் பக்கத்தில் நிற்கும். மீண்டும் ஒரு முறை மூலைகளை மடக்கினால் பரப்பு கால் பங்கு, பக்கம் இப்போதுதான் 10. 'பரப்பு கால், பக்கம் பாதி' என்று முன்னே பார்த்த விதி, இரண்டு மடிப்பில் கைக்குள் வந்துவிடுகிறது. விரலால் மடக்கி, ஸ்கேலால் அளந்த 14.1 என்ற எண்ணை எந்தப் பிள்ளையும் சுலபத்தில் மறப்பதில்லை. இரண்டின் வர்க்கமூலத்தை அவர்கள் முதன்முதலில் தொட்டுப் பார்ப்பது அங்கேதான்.

அந்த எண்ணை ஜெராக்ஸ் கடையிலும் பார்க்கலாம். ஏ4 தாளை ஏ3 ஆக்கும் பொத்தானில் 141 சதவீதம் என்றிருக்கும். ஏ3 என்பது ஏ4-ஐப் போல இரண்டு மடங்கு தாள். இரண்டு ஏ4-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் ஏ3. ஆனால் 200 சதவீதம் என்று போட்டால் எழுத்தெல்லாம் நான்கு மடங்கு இடம் கேட்கும், தாளுக்கு வெளியே போய்விடும். திரும்பச் சிறிதாக்க 71 சதவீதம். ஜெர்மனியில் 1922-இல் தரப்படுத்திய இந்த அளவுகளில் ஏ0 என்பது ஒரு சதுர மீட்டர். நான்கு முறை பாதியாக மடித்தால் ஏ4, ஆகவே பதினாறில் ஒரு பங்கு. கடையில் விற்கும் 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடை. ஓர் ஏ4 தாள் சரியாக 5 கிராம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு கட்டுத் தாளின் எடையை உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அலகு மாற்றும் கணக்குகளையும் இந்தப் பாடத்தோடு சேர்த்துத்தான் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கேட்டால் நூறு என்று வருகிற பதிலும், மனைக்கு இரண்டு மடங்கு என்று வருகிற பதிலும் ஒரே வேரிலிருந்து வருபவை. பக்கத்தில் நூறு, உள்ளே பத்தாயிரம். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 3.28 சதுர அடி என்று எடுத்தால் 100 சதுர மீட்டர் வீடு 328 சதுர அடியாகச் சுருங்கிவிடும். உண்மையில் அது 1076 சதுர அடி.

பட்டாவில் நிலத்தின் அளவு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஓர் ஏர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த நிலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து மீட்டர், எனவே படத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் ஓர் ஏர். இரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் அதே ஒரு சதுர சென்டிமீட்டர் நான்கு ஏர். அளவை இரண்டு மடங்குதான் மாற்றினோம். ஒருவர் இதைக் கவனிக்காமல் இரண்டு ஏர் என்று எடுத்துக்கொண்டால் பாதி நிலம் காணாமல் போகும். நிலம் வாங்கவும் விற்கவும் பாகம் பிரிக்கவும் போகும் பிள்ளைகள் இவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் ஒரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இதை மதிப்பெண் விஷயமாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

இந்தப் பாடம் முடியும் நாளில் பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்தே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: "டீச்சர், தொட்டின்னா?" கோட்டுக்கு ஒரு திசை, கட்டத்துக்கு இரண்டு திசை என்றால், தண்ணீருக்கு மூன்று திசை. தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் விளிம்பு இரண்டு மடங்கு, பெயிண்ட் நான்கு மடங்கு, தண்ணீர் எட்டு மடங்கு. திருப்பிக் கேட்டால் இன்னும் சுவாரசியம். மொட்டை மாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 1000 லிட்டர் தொட்டி வைத்தால், அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒவ்வோர் அளவும் 26 சதவீதம் கூடினால் போதும். மூன்றரை அடி உயரம் இருந்தது கிட்டத்தட்ட நாலரை அடி. பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அளவு நாடாவைக் கொடுத்து, தெருவில் யார் வீட்டில் எந்தத் தொட்டி இருக்கிறது என்று பார்த்து, வீட்டுக்காரரிடம் கேட்டு அளந்து வரச் சொல்லியிருக்கிறேன்.